தோற்றவருக்கும் இடமுள்ள கட்சி எங்கே?

யானையும் டெலிபோனும் மீண்டும் சேருமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சேர்ந்த பிறகு தலைவரை மாற்றுவதற்கு என்ன வழி என்று யாரும் கேட்பதில்லை.

கண்டி மாவட்டத்துக்குப் பாராளுமன்றத்தில் 12 ஆசனங்கள். 2015 ஆகஸ்ட் தேர்தலில் அவற்றில் 7 ஐக்கிய தேசியக் கட்சியின் யானைச் சின்னத்துக்குக் கிடைத்தன. ஐந்து வருடம் கழித்து, 2020 ஆகஸ்டில், யானைக்கு ஒன்றுகூட இல்லை. அதிலிருந்து பிரிந்த ஐக்கிய மக்கள் சக்தியின் டெலிபோனுக்கு 4. 2024 நவம்பரில் டெலிபோன் 2 ஆசனங்களோடு நின்றுகொண்டது. தேசிய மக்கள் சக்தி 9 ஆசனங்களை அள்ளிக்கொள்ள, மிஞ்சிய ஒன்று ரணில் விக்கிரமசிங்க தரப்பின் எரிவாயு சிலிண்டருக்குப் போனது. டி.எஸ். சேனாநாயக்க காலத்திலிருந்து ஐக்கிய தேசியக் கட்சியின் கோட்டைகளில் ஒன்றாக எண்ணப்பட்ட மாவட்டம் இது. யட்டிநுவரவிலும் கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறையாக யானைக்குப் புள்ளடி போட்ட வீடுகள் உண்டு. அந்த வீடுகளில் 2020-இல்தான் முதன்முறையாக 'நம்முடைய சின்னம் எது' என்ற கேள்வி எழுந்தது. வாக்குச்சீட்டில் யானையும் இருந்தது, டெலிபோனும் இருந்தது. இரண்டுக்கும் பின்னால் நின்றவர்கள் நேற்றுவரை ஒரே மேடையில் இருந்தவர்கள்.

இந்தச் சரிவுக்குக் காரணம் சொல்லச் சொன்னால் பட்டியல் நீளும். மத்திய வங்கி பிணைமுறி விவகாரம், 2018 ஒக்டோபர் அரசியலமைப்பு நெருக்கடி, 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல், 2022 பொருளாதார வீழ்ச்சி, அதன் பின் எழுந்த அறகலய. ஒவ்வொன்றும் உண்மைதான். ஆனால் ராஜபக்சக்களின் ஆட்சி சரிந்து, மாற்று அரசுக்கு நாடே ஏங்கி நின்ற வேளையில், பிரதான எதிர்க்கட்சி ஏன் இரண்டு கட்சிகளாக நின்றது என்பதற்கு இந்தப் பட்டியல் பதில் சொல்லாது. அதற்கான பதில் கட்சிக்குள்ளே இருக்கிறது. தலைவரை மாற்றும் நேர்மையான ஒரு வழி, இரு தரப்பும் ஏற்கும் ஒரு விதி, இந்தக் கட்சியில் ஒருபோதும் இருந்ததில்லை. வழி இல்லாத இடத்தில் போட்டியாளர் கட்சி தாவுவார், அல்லது புதுக்கட்சி தொடங்குவார், அல்லது நீதிமன்றப் படி ஏறுவார். மூன்றிலும் நஷ்டம் வாக்காளருக்கே. ஒரு தலைமைப் போட்டியின் தரத்தை வென்றவரைப் பார்த்து எடைபோட முடியாது. தோற்றவர் மறுநாளும் அதே கட்சியில் இருக்கிறாரா என்று பார்த்தே எடைபோட முடியும்.

மரணம் தீர்த்த வாரிசுரிமை

ஐ.தே.க. 1946-இல் பிறந்தது. அதன் தலைமை கைமாறிய கதையைப் புரட்டினால், பல தடவை தீர்ப்புச் சொன்னது மரணம்தான். 1952-இல் டி.எஸ். குதிரையிலிருந்து விழுந்து இறந்தபோது, அனுபவத்தில் மூத்த சேர் ஜோன் கொத்தலாவலவைத் தாண்டி மகன் டட்லி பிரதமரானார். யாரும் வாக்களிக்கவில்லை, ஆளுநர் நாயகம் சோல்பரி பிரபு அழைத்தார். அந்த மனக்கசப்பு ஆறுவதற்குள் 1953 ஹர்த்தால் வந்தது, டட்லி விலகினார், கொத்தலாவல ஏறினார். 1956-இல் 95 ஆசனங்களுக்கு நடந்த தேர்தலில் கட்சிக்குக் கிடைத்தவை வெறும் 8. 1970-இல் மீண்டும் படுதோல்வி, 17 ஆசனங்கள். அப்போது கட்சித் தலைவர் டட்லி, எதிர்க்கட்சித் தலைவர் ஜே.ஆர். ஜயவர்தன. இருவரின் பனிப்போர் ஜே.ஆரைக் கட்சியிலிருந்தே விலக்கும் முயற்சிவரை போனது. 1973 ஏப்ரலில் டட்லி காலமானார், வழக்கு முடிந்தது. ஜே.ஆர். கட்சியைத் திரும்பக் கட்டி 1977-இல் 168 ஆசனங்களில் 140-ஐ வென்றார். இந்த வெற்றியைப் பலர் ஜே.ஆரின் சாமர்த்தியத்துக்கு உதாரணமாகக் காட்டுவார்கள். தலைமைச் சிக்கலைக் கட்சி தானாகத் தீர்க்கவில்லை, காலன் தீர்த்துவைத்தான் என்பதையும் அதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

அடுத்த தலைமுறையில் விலை இன்னும் ஏறியது. ஜே.ஆருக்குப் பின் யார் என்ற போட்டியில் ரணசிங்க பிரேமதாச, லலித் அத்துலத்முதலி, காமினி திசாநாயக்க என மூவர். பிரேமதாச ஜனாதிபதியானார். 1991-இல் மற்ற இருவரும் அவருக்கு எதிரான குற்றப்பிரேரணையில் கையெழுத்திட்டனர். கட்சி அவர்களை நீக்கியது. உயர் நீதிமன்றம் நீக்கத்தை ஏற்றுக்கொண்டதால் பாராளுமன்ற ஆசனங்களும் போயின. அவர்கள் புதுக்கட்சி தொடங்கினார்கள். 1993 ஏப்ரல் 23-இல் லலித் சுட்டுக்கொல்லப்பட்டார். எட்டே நாளில், மே தினத்தன்று, பிரேமதாச குண்டுக்குப் பலியானார். உடுநுவரத் தொகுதியின் டி.பி. விஜேதுங்க ஜனாதிபதி ஆசனத்தில் அமர்ந்தார். கண்டி டிரினிட்டி கல்லூரியில் படித்தவரும், கொத்மலை, விக்டோரியா அணைகள் எழும்பிய காலத்து மகாவலி அமைச்சருமான காமினி தாய்க் கட்சிக்குத் திரும்பினார். 1994 ஆகஸ்ட் தோல்விக்குப் பின் எதிர்க்கட்சித் தலைவர் பதவிக்கு நடந்த வாக்கெடுப்பில் ரணில் விக்கிரமசிங்கவை அவர் வென்றது மூன்றே வாக்குகளால். அந்த மூன்று வாக்குக்குப் பின் இருவரும் ஒரே கட்சியில் எப்படி இருந்திருப்பார்கள் என்பதைப் பார்க்க நாட்டுக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஒக்டோபர் 24 அன்று தொட்டலங்கவில் வெடித்த குண்டு காமினியைக் கொன்றது. நவம்பரில் ரணில் கட்சித் தலைவரானார். அதற்குப் பின் முப்பது வருடம் அந்த நாற்காலி கைமாறவில்லை.

சாவி யார் கையில்?

தோல்விமேல் தோல்வி கண்ட தலைவர் எப்படி நிலைத்தார் என்பதற்கு அவருடைய தனித்திறமையை மட்டும் காரணமாகச் சொல்வது சோம்பேறித்தனம். சட்டமும் கட்சி யாப்பும் அவருக்கு அரணாக நின்றன. 1978 அரசியலமைப்பின் 99(13) ஆம் உறுப்புரைப்படி, கட்சி உறுப்புரிமையை இழக்கும் எம்.பி. தன் ஆசனத்தையும் இழக்கிறார். உயர் நீதிமன்றம் நீக்கம் செல்லாது என்று சொன்னால் மட்டுமே தப்பலாம். விகிதாசாரத் தேர்தல் முறையில் வேட்புமனுப் பட்டியலைத் தயாரிப்பது கட்சித் தலைமையகம். தேசியப் பட்டியலில் யார் பெயர் வரும் என்பதும் அங்கேதான் தீர்மானமாகிறது. தலைவரைத் தெரிவு செய்யும் செயற்குழுவிலோ கணிசமானோர் தலைவரே நியமித்தவர்கள். பரீட்சை எழுதுகிறவரே விடைத்தாளையும் திருத்தினால் யார் பெயில் ஆவார்? ஆகவே எதிர்த்துப் பேச நினைக்கும் எம்.பி.க்கு உள்ளே நின்று வாதிடுவதைவிட அரசாங்கத்தின் பக்கம் போவது லாபமாகப் பட்டது. 2007 ஜனவரியில் கரு ஜயசூரிய தலைமையில் 18 பேர் மகிந்த ராஜபக்ச அரசுடன் இணைந்ததை இந்தக் கணக்கோடு சேர்த்தே பார்க்க வேண்டும். கண்டி மாவட்ட அரசியலில் வளர்ந்து கட்சியின் பொதுச் செயலாளராகவே இருந்த திஸ்ஸ அத்தநாயக்க, 2014 டிசம்பரில், ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில வாரங்களே இருக்கும்போது மறுபக்கம் போய் அமைச்சரானார். பொதுச் செயலாளரே தாவும் கட்சியில் கிளைச் சங்கத் தலைவரிடம் விசுவாசத்தை எதிர்பார்ப்பது எப்படி?

வாக்கெடுப்பே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2011 டிசம்பரில் செயற்குழுவில் ரணிலும், 2008-இல் கட்சிக்குத் திரும்பியிருந்த கரு ஜயசூரியவும் மோதினார்கள். ரணிலுக்கு 72, கருவுக்கு 24. வாக்களித்தவர்கள் யார் நியமனம் என்ற சந்தேகம் அந்த முடிவின்மேல் நிழலாகப் படிந்தே இருந்தது. ஆனாலும் அந்தப் போட்டியில் ஒரு நல்ல விளைவு உண்டு. இம்முறை தோற்றவர் கட்சியை விட்டுப் போகவில்லை. 2013-இல் அமைத்த தலைமைத்துவ சபைக்குத் தலைவரானார், 2015-இல் சபாநாயகரானார். 2018 ஒக்டோபர் 26-இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன திடீரென்று பிரதமரை மாற்றி, பின்னர் பாராளுமன்றத்தையும் கலைக்க முயன்றபோது, சபையின் பெரும்பான்மையைக் கைவிடாமல் நின்றவர் அதே கரு. சபைக்குள் மிளகாய்த்தூள் பறந்த நாளில் பொலிஸ் காவலோடு உள்ளே வந்து அமர்வை நடத்தினார். தலைமைப் போட்டியில் தோற்ற ஒருவர் கட்சிக்குள் தங்கியதால் நாட்டுக்குக் கிடைத்த பலன் இது. போட்டி கட்சியை உடைக்கும் என்று பயப்படுகிறவர்கள் இந்த ஒரு சம்பவத்தையாவது எண்ணிப் பார்க்கலாம்.

2019-க்குப் பின் அந்தப் பாடம் மறந்துபோனது. சஜித் பிரேமதாசவை ஜனாதிபதி வேட்பாளராக ஏற்கக் கட்சித் தலைமை பல வாரம் இழுத்தடித்து, செப்டெம்பர் இறுதியில்தான் இணங்கியது. நவம்பரில் கோட்டாபய ராஜபக்ச 52.25 வீதம் பெற, சஜித் 41.99 வீதத்தோடு தோற்றார். கட்சித் தலைமையையும் விட்டுத்தர முடியாது, சின்னத்தையும் விட்டுத்தர முடியாது என்ற இழுபறியின் முடிவில், ஏற்கெனவே வேறு பெயரில் பதிவாகியிருந்த ஒரு சிறு கட்சியை எடுத்துப் பெயர் மாற்றி ஐக்கிய மக்கள் சக்தி பிறந்தது. கண்டியில் லக்ஷ்மன் கிரியெல்ல, ரவூப் ஹக்கீம், எம்.எச்.ஏ. ஹலீம், வேலு குமார் ஆகிய நால்வரும் டெலிபோனில் வென்றார்கள். நாடு முழுவதும் டெலிபோனுக்கு 54 ஆசனங்கள். யானைக்கு 2,49,435 வாக்குகளும் ஒரேயொரு தேசியப் பட்டியல் ஆசனமும். அந்த ஒற்றை ஆசனத்தில் பாராளுமன்றம் வந்த ரணில் 2022 ஜூலையில் 134 எம்.பி.க்களின் வாக்கால் ஜனாதிபதியானது நமது அரசியலின் விசித்திரம். ஆனால் அந்த 134-இல் பெரும்பகுதி அவருடைய பழைய எதிராளிகளான பொதுஜன பெரமுனவினர். பழைய சகாக்கள் எதிரே அமர்ந்திருந்தார்கள்.

கூட்டல் கணக்கு ஏன் பிழைக்கிறது?

2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் தேசிய மக்கள் சக்தியின் அநுர குமார திசாநாயக்க 42.31 வீதம், சஜித் 32.76, ரணில் 17.27. பின்னிருவரையும் கூட்டினால் 50-ஐத் தொடுகிறது. கண்டி மாவட்டத்திலும் அநுரவே முதலிடம். அங்கும் மற்ற இருவரையும் கூட்டினால் பாதியைத் தாண்டும். இந்தக் கணக்கைக் காட்டித்தான் இரு கட்சிகளையும் இணைக்கச் சொல்கிறார்கள். 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 43 வீதத்துக்கு இறங்கியதும், ஆகஸ்டில் ரணில் கைதானபோது எதிரணியினர் பலரும் அவருக்காக ஒரே குரலில் பேசியதும் இந்தப் பேச்சுக்கு உரம் போட்டன. ஆனால் வாக்காளர் தாமே வேறு கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். நமது ஜனாதிபதித் தேர்தலில் இரண்டாம், மூன்றாம் விருப்பு அடையாளமிடலாம். 2024-இல்தான் முதன்முறையாக அவற்றை எண்ண வேண்டிவந்தது. ரணிலுக்கு மட்டும் 22,99,767 பேர் வாக்களித்திருந்தனர். களத்திலிருந்து நீங்கிய அத்தனை வேட்பாளர்களின் சீட்டுகளிலிருந்தும் சஜித்துக்கு வந்து சேர்ந்த விருப்பு வாக்குகள் 1,67,867 மட்டுமே, அநுரவுக்கு 1,05,264. ஒரே குடும்பம் என்று தலைவர்கள் மேடையில் சொல்கிறார்கள். வாக்காளரில் மிகப் பெரும்பான்மையோர் இரண்டாவது கட்டத்தில் பேனாவை வைக்கவேயில்லை. விருப்பு வாக்கின் பயன் பலருக்குத் தெரியாது என்பது ஒரு காரணமாகலாம். ஆனால் பல வருடமாகத் தலைவர்கள் ஒருவரையொருவர் தூற்றுவதைக் கேட்ட தொண்டன், கூட்டல் குறி போட்டவுடன் மனம் மாறிவிடுவான் என்று நம்புவதும் பேதைமை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். தலைமையை மாற்ற வழியில்லை என்று வெளியேறியவர்கள் தொடங்கிய கட்சியும் ஒரு ஜனாதிபதித் தேர்தலையும் இரண்டு பொதுத் தேர்தல்களையும் தோற்ற பின்னர் தன் தலைமைக்கு ஒரு போட்டியைக்கூட நடத்தவில்லை. பழைய வீட்டின் பூட்டையே புது வீட்டுக்கும் போட்டிருக்கிறார்கள்.

நமது பாராளுமன்ற மரபுக்கு மூலமான பிரித்தானியாவிலும் இதே நோய் இருந்தது. 1965 வரை கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவரை யாரும் தெரிவு செய்ததில்லை. மூத்தவர்கள் கூடிப் பேசுவார்கள், ஒரு பெயர் வெளிவரும். எட்வர்ட் ஹீத்தான் எம்.பி.க்களின் வாக்கில் தெரிவான முதல் தலைவர். ஆனால் இருக்கும் தலைவரை எதிர்த்துப் போட்டியிட விதியில் இடமில்லை. 1974-இல் இரண்டு பொதுத் தேர்தல்களில் ஹீத் தோற்றதும், முன்னாள் பிரதமர் டக்ளஸ்-ஹியூம் தலைமையிலான குழு விதியைத் திருத்தியது. 1975 பெப்ரவரியில் மார்கரெட் தாட்சர் முதல் சுற்றில் 130-க்கு 119 என்று ஹீத்தை முந்தினார். ஹீத் கடைசிவரை கறுவிக்கொண்டே இருந்தார். ஆனால் 2001 வரை அதே கட்சியின் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். 2003-இல் இயன் டங்கன் ஸ்மித்தை 90-க்கு 75 என்று எம்.பி.க்கள் இறக்கினார்கள், அவரும் போகவில்லை. தொழிற்கட்சியில் 2016-இல் 172 எம்.பி.க்கள் தலைவர் ஜெரமி கோர்பினுக்கு எதிராக வாக்களித்தார்கள், ஆதரவு 40 மட்டுமே. அங்கத்தவர்களோ மீண்டும் அவரையே தெரிவு செய்தார்கள். 2019 தோல்விக்குப் பின் அதே அங்கத்தவர் வாக்கில் கியர் ஸ்டார்மர் வந்தார். 2024 ஜூலையில் ஆட்சியைப் பிடித்தார்.

'அங்கே மட்டும் என்ன வாழ்கிறது, ஆறு வருடத்தில் ஐந்து பிரதமர்களைக் கண்ட நாடுதானே' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2016 முதல் 2022 வரை கேமரன், மே, ஜோன்சன், டிரஸ், சுனக் என்று வரிசை ஓடியது. டிரஸ் பதவியிலிருந்தது ஐம்பது நாள்கூட இல்லை. விதிகள் இருந்தும் 1981-இல் தொழிற்கட்சி பிளந்து சமூக ஜனநாயகக் கட்சி பிறந்தது. விதி இருந்தால் பிளவே வராது என்று சொல்ல வரவில்லை. ஆளும் கட்சி நினைத்தபோதெல்லாம் பிரதமரை மாற்றுவது வேறு. எதிர்க்கட்சி ஒரு தேர்தலைத் தோற்ற பின் தன்னைத் தானே கேள்வி கேட்பது வேறு. முதலாவதில் நாட்டின் நிர்வாகம் ஆடும். இரண்டாவதில் ஆடுவது ஒரு நாற்காலி மட்டுமே. நமக்குத் தேவை இரண்டாவது.

தேசிய மக்கள் சக்தியின் மையக் கட்சியான ஜே.வி.பி.யைக் காட்டி இன்னொரு வாதம் வரும். அங்கே பகிரங்கத் தலைமைப் போட்டி எப்போது நடந்தது, கட்டுக்கோப்புத்தானே அவர்களை வெல்ல வைத்தது என்பார்கள். பகிரங்கப் போட்டி நடக்கவில்லை என்பது சரி. ஆனால் மாற்றம் நடந்தது. 2008-இல் விமல் வீரவன்ச அணி பிரிந்தது, 2012-இல் முன்னிலை சோசலிசக் கட்சி பிரிந்தது. இப்படி மெலிந்திருந்த வேளையில், 2014 தேசிய மாநாட்டில் சோமவன்ச அமரசிங்க தலைமையை அநுரவிடம் கையளித்தார். 2019-இல் 3 வீதம் எடுத்த கட்சி 2024-இல் ஜனாதிபதி மாளிகைக்குப் போனது. தோல்வியில் கிடந்தபோதே தலைமையைப் புதுப்பித்த கட்சி பத்து வருடத்தில் பலனை அறுவடை செய்தது என்றே இதைப் படிக்க வேண்டும்.

சிறுபான்மையினரின் நியாயமான பயம்

கண்டியில் உட்கார்ந்து யோசிக்கும் தமிழ், முஸ்லிம் வாசகருக்கு இவற்றைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. மாவட்டத்தில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் முஸ்லிம், பத்தில் ஒருவர் தமிழர். தலைவரைத் தெரிவு செய்யும் உரிமை அங்கத்தவர் கைக்குப் போனால், பெரும்பான்மை அங்கத்தவரைக் கவர இனவாதம் பேசுகிறவர் வெல்ல மாட்டாரா? இந்தப் பயத்துக்கு வரலாற்று ஆதாரம் உண்டு. 1956 தோல்விக்குப் பின் மூலையில் ஒதுங்கிக் கிடந்த ஐ.தே.க., 1957 ஒக்டோபரில் பண்டா-செல்வா ஒப்பந்தத்துக்கு எதிராக நடைபயணம் புறப்பட்டது; முன்னால் நடந்தவர் ஜே.ஆர். போக நினைத்த இடம் இதே கண்டி, தலதா மாளிகை. இம்புல்கொடவில் மறிக்கப்பட்டுத் திரும்பினார்கள். அடுத்த ஏப்ரலில் ஒப்பந்தம் கிழிந்தது. ஆனால் அந்த நடைபயணத்துக்கு முன் எந்த உட்கட்சித் தேர்தலும் நடக்கவில்லை. மூடிய அறையில் தலைமை தீர்மானமான காலத்தில்தான் அது நடந்தது. மூடிய அறை நம்மைப் பாதுகாக்கும் என்பது அனுபவம் பொய்ப்பித்த நம்பிக்கை.

மூடிய அறை நமக்குத் தந்தது தனிமனிதரோடு பேரம்பேசும் அரசியல். பேரம் தலைவரோடு, அவர் விழுந்தால் பேரமும் விழும். இரு தலைவர்களுக்கிடையில் பிளவு வந்தால் நாமும் பிளவோம். 2024-இல் தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித் பக்கம் நின்றது. அதே கூட்டணியில் வளர்ந்த கண்டி எம்.பி. வேலு குமார் ரணில் பக்கம் போனார். நவம்பரில் டெலிபோனுக்குக் கண்டியில் கிடைத்த இரு ஆசனங்களும் ரவூப் ஹக்கீமுக்கும் சமிந்திராணி கிரியெல்லவுக்கும் போயின. தமிழருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. 2015-இலும் 2020-இலும் கலஹாவிலும் தெல்தோட்டையிலும் பன்விலையிலும் ஹேவாஹெட்டையிலும் வரிசையில் நின்ற தோட்டத் தொழிலாளரின் வாக்கு ஓர் எம்.பி.யை அனுப்பியது. மேலே இரண்டு பேர் பேசாமல் போனதால் கீழே அது சிதறியது. கிளைச் சங்கங்களுக்கு வாக்குரிமை இருந்திருந்தால், தலைமைக்குப் போட்டியிடுகிறவர் அந்தத் தோட்டங்களுக்கு வந்து காணி உரிமை பற்றியும் சம்பளம் பற்றியும் வாக்குறுதி தர வேண்டியிருந்திருக்கும். நெருங்கிய போட்டியில் பத்து வீதம் சிறு தொகையே அல்ல. காமினிக்கும் ரணிலுக்கும் இடையில் நின்றது மூன்று வாக்கு.

விதி இருந்தும் அதில் ஓட்டை இருந்தால் என்ன நடக்கும் என்பதை நமது தமிழ்க் கட்சியே காட்டிவிட்டது. 1949-இல் தொடங்கிய இலங்கைத் தமிழரசுக் கட்சி, 2024 ஜனவரி 21-இல் திருகோணமலையில் தலைவர் பதவிக்கு வாக்கெடுப்பு நடத்தியது. எஸ். சிறீதரன் 184, எம்.ஏ. சுமந்திரன் 137. பலரும் பாராட்டினார்கள். ஆனால் வாக்களித்தவர்களின் தகுதி பற்றியும் யாப்பு பற்றியும் எழுந்த தகராறு திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய், வென்றவர் தலைவர் ஆசனத்தில் அமர முடியாமல் தேங்கியது. யார் வாக்களிக்கலாம் என்பதை முன்கூட்டியே தெளிவாக எழுதிவைக்காத தேர்தல், தேர்தலே இல்லாததைப் போலவே கட்சியை முடக்கும்.

ஆகவே இணைப்பு பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் யாப்பை எழுதட்டும், பிறகு ஆளைப் பற்றிப் பேசட்டும். நான்கு விதிகள் போதும். ஒரு தேசியத் தேர்தல் தோற்றால் குறித்த மாதங்களுக்குள் தலைவர் மறுதெரிவுக்கு நிற்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் எம்.பி.க்களும், உள்ளூராட்சி உறுப்பினர்களும், தேர்தலுக்கு ஒரு வருடம் முன்பே பதிந்த அங்கத்தவர்களும் மட்டுமே இருக்க வேண்டும். தலைவர் நியமித்த எவருக்கும் அந்தப் பதவியின் பெயரால் வாக்கில்லை. தேர்தலை நடத்துகிறவர் கட்சிக்கு வெளியிலிருந்து வரவேண்டும். ஓய்வுபெற்ற நீதியரசருக்கோ தேர்தல் அதிகாரிக்கோ நாட்டில் பஞ்சமில்லை. கடைசியாக, தலைமைக்குப் போட்டியிட்ட காரணத்துக்காக எவரையும் நீக்கவோ அடுத்த வேட்புமனுவில் தவிர்க்கவோ கூடாது. 99(13) என்ற ஆயுதம் தலைவர் கையில் இருக்கும்வரை இந்த நான்காவது விதிதான் மற்ற மூன்றுக்கும் உயிர். சின்னம் எது, தலைவர் யார், துணைத் தலைவர் யார் என்ற பங்குபிரிப்பு இவற்றுக்குப் பின்னால் வரலாம்.

மத்திய மாகாண சபையின் காலம் 2018-இல் முடிந்தது. இன்னும் தேர்தல் இல்லை. அது எப்போது வந்தாலும் எதிரணிக்கு முதல் பெரிய சோதனை அதுதான். 2029 ஜனாதிபதித் தேர்தல் அடுத்தது. பாராளுமன்றத்தில் 159 ஆசனங்களுடன் ஆளும் கட்சி இருக்கும்போது, அதைக் கேள்வி கேட்கும் பலமான எதிரணி ஆளும் கட்சிக்கு வாக்களித்தவருக்கும் தேவை. அந்தப் பலம் இரண்டு தலைவர்கள் கைகுலுக்கும் படத்தால் வராது. இருவரும் மோதி, ஒருவர் தோற்று, தோற்றவர் மறுநாள் கண்டி மாவட்டக் கிளைக் கூட்டத்துக்கு வந்து வென்றவருக்காக வாக்குக் கேட்பாரானால் வரும். எண்பது வருடத்தை எட்டும் ஒரு கட்சிக் குடும்பத்தில் அது மிக அரிதான காரியம். அதை நடத்திக்காட்டத் துணிகிறவர் யாரோ, அடுத்த ஆட்சிக்கு உரிமை கோர அவருக்கே தகுதி உண்டு.